உங்களுக்கு மிக நெருக்கமான கலை எது? செய்பவர் பக்கத்திலிருந்து சொல்லுங்கள்

புதுக்கை:
எல்லாருக்கும் வணக்கம். "எந்தக் கலை பிடிக்கும்?" என்று கேட்டால் பாட்டு, பரதம், ஓவியம் என்று ஒரே சொல்லில் பதில் வந்து நின்றுவிடுகிறது. எனக்கு அதற்கு அடுத்த படி வேண்டும். எந்தக் கலையோடு உங்களுக்கு ஒட்டுதல் அதிகம்? அந்த ஒட்டுதல் எங்கே பிறக்கிறது: கையிலெடுக்கும் பொருளிலா, கணக்கிலா, உடம்பிலா? புதிதாகத் தொடங்குபவர் முதலில் எங்கே தவறுவார், ஏன் தவறுவார் என்பதையும் சேர்த்து எழுதினால் பெரிய உதவி. சின்ன விவரமாக இருந்தாலும் விடாதீர்கள்.

மார்கழிவாசல்:
கோலம். யோசிக்கவே வேண்டாம். இவ்வளவு கணக்கு உள்ளே இருந்தும், மேடையோ கருவியோ கட்டணமோ இல்லாமல் தினமும் விடியற்காலையில் நடக்கிற கலை வேறு எது? அதோடு மாவு பொய் சொல்லாது. கை தயங்கினால் அந்த இடத்தில் குவிந்துவிடும், அவசரப்பட்டால் கோடு அறுந்துவிடும். அடுத்த நொடியே தெரிந்துவிடும்.

முதலில் தரை. தண்ணீர் தெளித்துப் பெருக்கியதும் கோலத்தில் இறங்கக் கூடாது. தேங்கிய நீர் இருந்தால் மாவு ஊறிக் கோடு இருபுறமும் பரவும். முழுக்கக் காய்ந்தால் காற்று அடித்துக்கொண்டு போகும். தண்ணீர் உள்ளே இறங்கி, தரை இன்னும் நிறம் கறுத்துத் தெரிகிறதே, அதுதான் நேரம். சாணம் தெளித்த மண் தரை இந்த ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைக்கும். சிமெண்டில் சில நிமிடங்கள்தான் கிடைக்கும், அதனால் புள்ளியை முன்பே மனதில் எண்ணிக்கொள்ள வேண்டும்.

மாவு. தனி அரிசி மாவு விரல் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், கடையில் விற்கும் வெள்ளைக்கல் மாவு வழுக்கிக்கொண்டு ஓடும். பழகும் வரை கல்மாவு நாலு பங்குக்கு அரிசி மாவு ஒரு பங்கு கலந்து சலித்து வைத்துக்கொள்ளுங்கள். எறும்புக்கும் குருவிக்கும் உணவாக வேண்டும் என்பவர்கள் முழுக்க அரிசி மாவிலேயே போடட்டும், கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தால் சரியாக விழும். ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே எடுத்து, கட்டை விரலால் லேசாகத் தேய்த்து விட வேண்டும். கை தரையிலிருந்து ஒரு அங்குல உயரத்தில் இருந்தால் போதும். உயரம் கூடினால் கோடு பூசினாற்போல் அகலும், தரையை உரசினால் போட்டதையே விரல் கலைக்கும்.

புள்ளிதான் புதியவர்கள் சறுக்கும் இடம். நேர்ப்புள்ளி என்றால் ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று. இடைப்புள்ளி என்றால் மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்தது. "15 புள்ளி, 8இல் நிறுத்தவும், இடைப்புள்ளி" என்று சொன்னால் நடு வரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை. மொத்தம் 169 புள்ளி. இதை மேலேயிருந்து 8 என்று தொடங்கினால் நடுவுக்கு வருவதற்குள் வரிசை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நடு வரிசையை முதலில் போடுங்கள். பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறி மாறிப் போனால் பிழை ஒரே பக்கம் சேராது. இடைவெளிக்கு அளவுகோல் வேண்டாம், இரண்டு விரல் அகலம் போதும். மூன்று வரிசைக்கு ஒருமுறை எழுந்து நின்று பாருங்கள், உட்கார்ந்திருக்கும்போது கோணல் கண்ணுக்குத் தெரியாது.

மாக்கோலம் தனிக் கலை. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, தோசை மாவைவிட நீர்க்கக் கரைக்க வேண்டும். சிறு துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் அடக்கிப் பிழிந்தால் மாவு மோதிர விரல் வழியே இறங்கும். இழை இழுப்பது அந்த விரல் நுனிதான். ஈரமாக இருக்கும்போது கோடு மங்கலாகவே தெரியும். வெள்ளை வரவில்லை என்று மேலே மேலே இழுத்துவிடுகிறார்கள், காய்ந்ததும் பார்த்தால் இழை தடித்துப் பொருக்காகப் பெயர்கிறது. ஒரே இழுப்பில் விட்டுவிட்டுக் காத்திருங்கள், வெள்ளை தானாக வரும். காவியை அது நன்றாகக் காய்ந்தபின் ஓரத்தில் பூச வேண்டும்.

தப்புக்குச்சி:
அக்கா கோலத்தைச் சொன்னார். நான் பறை. காரணம் உடம்புதான். பறையை உட்கார்ந்து வாசிக்க முடியாது. கால் அடவு வைக்கும், தோள் அசையும், அடி அதிலிருந்து பிறக்கும். காலைக் கட்டிப்போட்டுக் கையை மட்டும் பழக்குபவர்களுக்குத் தாளம் வரும், பறை வராது.

வேப்பமரத் துண்டுகளை வட்டமாகச் சேர்த்து இரும்புத் தகடு அடித்துச் சட்டம் செய்வார்கள், குறுக்களவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். மாட்டுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுப்பார்கள். இடக்கையில் நீளமான மெல்லிய மூங்கில் சிம்பு, அதைச் சிண்டுக்குச்சி என்போம். வலக்கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி, பெரும்பாலும் பூவரசு. கருவி இடத்தோளில் வாரில் தொங்கும், இடக்கை சட்டத்தின் மேல் அமரும். புதியவர்கள் இரண்டு குச்சியையும் ஒரே பலத்தில் அடிப்பார்கள். சிண்டு அடிப்பதற்கல்ல, தோலில் தட்டையாக விழுந்து துள்ள வேண்டும். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் 'சட்' என்று செத்த ஒலிதான் வரும், சிம்பும் பிளந்துபோகும்.

அடுத்தது காய்ச்சுதல். தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும், அதனால் வைக்கோல் அல்லது காகிதத் தீயில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். நடுவை மட்டும் காட்டினால் ஓரம் தளர்ந்தே இருந்து இரையும். சட்டத்தைச் சுழற்றிக்கொண்டே காட்டி, விரலால் சுண்டிப் பாருங்கள். 'ணங்' என்று கேட்டதும் எடுத்துவிட வேண்டும். தீக்கு மிக அருகில் போனால் தோல் கருகி மயிரிழை விரிசல் விடும், ஓரத்துப் பசையும் விடும். பனி இறங்கும் இரவில் அரை மணிக்கொரு முறையாவது காய்ச்சாமல் முடியாது. செயற்கைத் தோலுக்கு இந்தப் பாடு கிடையாது, ஆனால் அந்த அடிவயிற்று அதிர்வும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாவு வீட்டுக் கருவி என்று ஒதுக்கி, அடித்தவர்களையும் ஒதுக்கிய வரலாறு இதற்கு உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழு வழியாகத் தலித் பெண்கள் பறையோடு மேடையேறியதும், 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததும் அந்த வரலாற்றின் மேல் விழுந்த அடிகள். அடவு கற்க வருபவர்கள் யாரிடமிருந்து இது வந்தது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும்.

புதுக்கை:
இரண்டு பேருக்கும் நன்றி. மார்கழிவாசல் அக்கா, புள்ளிகளைச் சுற்றிக் கோட்டை வளைத்துப் பின்னும் சிக்குக் கோலத்தில் ஒரு சந்தேகம். ஒரே கோட்டில் முடிய வேண்டும் என்று தொடங்கினால் பாதியிலேயே கோடு வந்து மூடிக்கொள்கிறது, மிச்சப் புள்ளிகள் அப்படியே நிற்கின்றன. கையின் பிழையா?

மார்கழிவாசல்:
கையின் பிழை இல்லைம்மா, புள்ளிக் கணக்கு. நேர்ப்புள்ளியைச் செவ்வகமாக வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோட்டை வெட்டவிட்டால், எத்தனை தனிக் கோடுகள் வரும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. இரண்டு பக்க எண்ணிக்கைக்கும் பொதுவான மிகப் பெரிய வகுஎண் எதுவோ, அத்தனை கோடு. 3க்கு 4 வைத்தால் ஒன்று. 4க்கு 5, 5க்கு 7, அதுவும் ஒன்றுதான். 3க்கு 3 வைத்தால் மூன்று கோடு, 4க்கு 6 என்றால் இரண்டு. சதுரமாக வைத்துத் தொடங்கியதால்தான் உங்களுக்கு மூடிக்கொண்டிருக்கும்.

சதுரமே வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. இரண்டு வெவ்வேறு கோடுகள் வெட்டும் ஓர் இடத்தைப் பிடியுங்கள். அங்கே வெட்டாமல் இரண்டு வளைவாகத் திருப்பிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். 3க்கு 3இல் இப்படி இரண்டு இடம் மாற்றினால் முழுதும் ஒரே கோடு. ஆனால் இரண்டாவது மாற்றம், சேர்ந்த கோடும் மிச்சமுள்ள கோடும் வெட்டும் இடமாக இருக்க வேண்டும். ஒரே கோடு தன்னையே வெட்டும் இடத்தில் கை வைத்தால் மறுபடி பிரிந்துவிடலாம். முதலில் தாளில் மூன்று நிறத்தில் வரைந்து பார்த்தால் எந்த இடம் என்று பளிச்சென்று தெரியும்.

இந்த ஒழுங்கு விளையாட்டல்ல. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, 1974இலேயே கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். பாட்டிமார் வாய்க்கணக்காக வைத்திருந்தது அது.

இடந்தலை:
தாமதமாக வந்தேன். எனக்கு மிருதங்கம். தப்புக்குச்சி அண்ணன் தோலைச் சொன்னதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கோலத்தைப் போல இதிலும் அரிசி உண்டு, கோதுமையும் உண்டு. வலந்தலை என்ற வலப்பக்கத் தோலின் கருப்பு வட்டம் கிட்டக்கல் பொடியைச் சோற்றோடு பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றியது. தொப்பி என்றும் சொல்லும் இடப்பக்கத் தோலான இடந்தலையில், வாசிக்கும் முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் ஒட்டுவோம். குறைவாக வைத்தால் தொப்பி வெறுமையாகக் கத்தும், கூடினால் அமுங்கி 'தொம்' எழாது. சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாகப் பிசையுங்கள். கச்சேரி நடுவில் காய்ந்தால் விரல் நுனியில் நீர் தொட்டுத் தடவினால் போதும், புதிதாக ஒட்ட வேண்டாம். முடிந்த உடனே சுரண்டித் துடைத்துவிட வேண்டும். உலர விட்டால் தோலை இழுத்துக்கொண்டு வெடிக்கும், பூச்சியும் வரும். குளிர்சாதன அரங்கில் வலந்தலைச் சுருதி ஏறிவிடும், அதனால் அரங்குக்குள் போய் அரை மணி நேரம் விட்டபிறகு சுருதி சேர்க்கத் தட்டும் கல்லையும் கட்டையையும் எடுங்கள். சுருதி ஏற்ற, தோலின் ஓரத்து வார் முடிச்சை மேலிருந்து கீழாகத் தட்ட வேண்டும், இறக்கக் கீழிருந்து மேலாக. வார் கோத்த பதினாறு கண்ணிலும் ஒரே ஒலி வரும்வரை எதிரெதிர்க் கண்களாகத் தட்டிக்கொண்டு வாருங்கள், ஒரே பக்கமாகச் சுற்றி வந்தால் முதல் கண் மறுபடி இறங்கியிருக்கும்.