கம்ப்ரசர் குழாயில் மீண்டும் விரிசல்: கிளாம்ப் அமைப்பது குறித்து ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலையில் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் பிஸ்டன் வகைக் காற்று கம்ப்ரசரின் அழுத்தப்பட்ட காற்று வெளியேறும் டிஸ்சார்ஜ் குழாயில், முக்கால் அங்குல டிரெயின் வால்வு பற்றவைக்கப்பட்ட இடத்தில் எட்டு மாதங்களில் இரண்டாவது முறையாக விரிசல் விழுந்திருக்கிறது. விரிசலுக்குள் சாயம் ஊறவைத்துக் காட்டும் டை பெனட்ரன்ட் சோதனையில், வெல்டின் விளிம்பை ஒட்டி மயிரிழைபோல் அரைவட்டமாக ஓடிய சிவப்புக் கோட்டை நானே பார்த்தேன், திரும்பத் திரும்ப அதிர்வதால் வரும் உலோகச் சோர்வேதான்.

சிலிண்டரில் பிஸ்டனின் இருபுறமும் காற்று அழுத்தப்படுவதால் 10 ஹெர்ட்ஸிலும், அதைவிட வலுவாக 20 ஹெர்ட்ஸிலும் அழுத்தத் துடிப்பு எழுகிறது. குழாயைத் தட்டி அளந்தபோது அதன் இயல் அதிர்வெண், அதாவது அது தானாக அதிரும் வேகம், 19 ஹெர்ட்ஸ் என வந்தது. 20 ஹெர்ட்ஸ் துடிப்புக்கு இது மிக அருகில் இருப்பதால் அதிர்வு பெருகிவிடுகிறது. சுழற்சி வேகத்தின் 2.4 மடங்குக்கு, அதாவது இங்கே 24 ஹெர்ட்ஸுக்கு மேல் அது இருக்க வேண்டும் என்பது பிஸ்டன் கம்ப்ரசர்களுக்கான ஏபிஐ 618 தரநிலை காட்டும் வழி. இந்தக் குழாயோ கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் பட்டை) எதுவுமின்றி, ஷூக்கள் எனப்படும் தாங்குகால்களின் மேல் வெறுமனே அமர்ந்திருக்கிறது. ஒரு ஷூவுக்கும் பீமுக்கும் இடையே தாள் நுழையும் அளவுக்கு இடைவெளியே இருக்கிறது.

வால்வுக்கான தாங்கலைத் தரையிலிருந்து கொடுக்காமல், இரண்டும் சேர்ந்தே அசையும்படி தாய்க்குழாயிலிருந்தே கொடுக்கப் போகிறேன். அதில் எனக்குக் குழப்பமில்லை. குழப்பம் கிளாம்பில்தான். 18 மீட்டர் நீளமுள்ள இந்தக் கார்பன் ஸ்டீல் குழாய் 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் 20 மில்லிமீட்டருக்கு மேல் நீளும் என்பதால், எல்லா இடத்திலும் இறுக்கிப் பிடித்தால் கம்ப்ரசரின் நாசிலில் (குழாய் இணையும் வாயில்) சுமை ஏறிவிடும். அதிர்வையும் அடக்கி, நீள்வதற்கும் இடம்விடும் கிளாம்ப்களை எந்த இடைவெளியில் வைத்தீர்கள், உள்ளே என்ன லைனர் (இடைப்பட்டை) போட்டீர்கள்? துடிப்பைத் தணிக்கும் கலனான டேம்பர் பாட்டிலின் வாயில், துளையிட்ட ஆரிஃபிஸ் தகடு பொருத்தித் துடிப்பைக் குறைத்தவர்கள், அதனால் நேர்ந்த அழுத்த இழப்பையும் சேர்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும். அருகிலேயே ஆட்கள் நின்று வேலை செய்யும் இடம் என்பதால், அடுத்த பராமரிப்பு நிறுத்தத்துக்குள் இதைச் சரிசெய்துவிட விரும்புகிறேன்.