எட்டாம் வகுப்போடு முடியும் பள்ளியில் தொழில் வழிகாட்டலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, கடலூர் முதுநகர்

அனைவருக்கும் வணக்கம். கடலோரச் சிற்றூர் ஒன்றின் அரசு நடுநிலைப்பள்ளியில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். எதிர்காலத்தில் என்ன ஆக விரும்புகிறாய் என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் டாக்டர், போலீஸ், டீச்சர், கலெக்டர் ஆகிய நான்கைத் தாண்டி விடை வருவதில்லை. பையன்களில் சிலர் "அப்பாவோடு கடலுக்குப் போவேன் மிஸ்" என்கிறார்கள். அதைச் சொல்லும்போதே தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் பள்ளி வழிகாட்டல் ஒன்பதாம் வகுப்பு முதல் பயில்வோருக்கானது. எங்கள் பிள்ளைகளோ எட்டாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வாரத்தில் ஒரு பாடவேளையைத் தலைமையாசிரியர் இதற்கென ஒதுக்கித் தந்திருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிடாமல், அதன் பார்வையை மட்டும் விரிவாக்க இந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்தலாம்?

பதில் 1: கணித ஆசிரியர், பண்ருட்டி

வேலைகளின் பட்டியலிலிருந்து தொடங்காமல், ஊரில் எல்லோரும் அறிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள் டீச்சர். எங்கள் பள்ளியில் முந்திரியை எடுத்துக்கொண்டோம். கொட்டை உடைக்கும் அம்மாக்களின் விரல்களில் ஓட்டின் எண்ணெய் பட்டுத் தோல் கறுத்துப் போவதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அந்த எண்ணெயில் என்ன இருக்கிறது, கையில் படாமல் உடைக்க வழியுண்டா, பெயின்ட் தயாரிப்பிலும் வாகனங்களின் பிரேக் லைனிங்கிலும் அதே எண்ணெய் ஏன் பயன்படுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனபோது, வேதியியலாளர், இயந்திரம் வடிவமைப்பவர், தோல் மருத்துவர், தரம் பிரிப்பவர், ஏற்றுமதி ஆவணம் எழுதுபவர் என்று கரும்பலகை நிறைந்துவிட்டது. ஒட்டுச்செடி உருவாக்கும் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, விருத்தாசலத்தில் முந்திரி ஆராய்ச்சி நடக்கிறது என்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

உங்கள் ஊரில் மீனை எடுத்துக்கொள்ளலாம். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம், செயற்கைக்கோள் தரும் கடல்மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் கொண்டு, மீன் கூட்டம் எங்கே இருக்க வாய்ப்புண்டு என்று மீனவர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. அந்தத் தகவலைப் படித்துப் பார்த்து, ஜிபிஎஸ்ஸையும், ஒலி அலையால் கடலின் ஆழத்தை அறியும் எக்கோ சவுண்டரையும் கையாண்டு, காற்றையும் நீரோட்டத்தையும் கணித்துப் படகைச் செலுத்துகிற அப்பாவையே ஒருநாள் வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். கடலுக்குப் போவேன் என்று சொல்லித் தலைகுனிகிற பையனுக்கு அதைவிடப் பெரிய மரியாதையை நம்மால் செய்துவிட முடியாது.

பதில் 2: ஆய்வகத் தொழில்நுட்பர், புதுச்சேரி

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனாலும் ஓர் எச்சரிக்கை. மீனவர் பிள்ளைக்கு மீனையும் முந்திரித் தொழிலாளியின் பிள்ளைக்கு முந்திரியையும் மட்டுமே காட்டினால், பிறந்த இடத்திலேயே இரு என்று சொல்வதாக முடிந்துவிடும். ஊர்ப்பொருளில் தொடங்கி, சில வாரங்களுக்குள் ஊருக்கு வெளியே போய்விட வேண்டும்.

டாக்டர் என்று சொல்லும் பிள்ளையிடமிருந்தே அதைச் செய்யலாம். ஜிப்மர் போன்ற ஒரு மருத்துவமனையில் நோயாளி ஒருவர் வீடு திரும்புவதற்குள், ரத்தம் எடுப்பவர், மாதிரியைச் சோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், மயக்க மருந்துத் தொழில்நுட்பர், செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், பதிவேடு காப்பவர் என எத்தனையோ பேரின் கை அவர்மீது படுகிறது. இவர்களில் ஒருவரை அழைத்தால் அறிவுரை கேட்காதீர்கள். காலையில் முதலில் செய்யும் வேலை எது, எந்த வேலை அலுப்புத் தருகிறது, இங்கே வர எதைப் படித்தீர்கள், அதற்கு எவ்வளவு செலவானது என்று பிள்ளைகளே கேட்கட்டும். அலுப்பைப் பற்றிய கேள்விக்குத்தான் உண்மையான பதில் கிடைக்கும்.

பதில் 3: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருத்தாசலம்

அம்மா, நடுநிலைப்பள்ளி ஆசிரியர் மட்டுமே சரியான நேரத்தில் சொல்லக்கூடிய சில செய்திகள் உள்ளன. தயவுசெய்து அவற்றைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021லும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பெற, பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடிந்ததும் கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்த ஒரு முடிவால் இந்த உரிமை போய்விடுகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாறினாலும் இந்த ஒதுக்கீடு கிடைக்காது.

அடுத்தது, மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வு. எட்டாம் வகுப்பில்தான் எழுத முடியும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாத மாணவர் தேர்ச்சி பெற்றுத் தெரிவானால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மனத்திறன் பகுதியில் 90 வினாக்கள், பாடப்பகுதியில் 90 வினாக்கள். மனத்திறன் வினாக்களைப் பிள்ளைகள் முதன்முறையாகத் தேர்வு அறையில் பார்க்கும் நிலை வரக்கூடாது. ஏழாம் வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். படிப்பில் நாட்டமில்லாத ஒரு மாணவன், எட்டாம் வகுப்பு முடிந்ததும் வெல்டிங் பட்டறைக்குப் போவதாகச் சொல்கிறான்.

பதில் 3:

அவனை நேரே பட்டறைக்கு அனுப்ப வேண்டாம் அம்மா. ஐடிஐ எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும், ஓராண்டுப் பயிற்சி. ஆனால் ஃபிட்டர் போன்ற ஈராண்டுப் பிரிவுகளும் பாலிடெக்னிக் டிப்ளமோவும் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கே திறக்கும். கடலூர் அரசு ஐடிஐக்கு அவனையும் அவன் தந்தையையும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அங்கே பயிலும் மாணவர்களோடு பேசிப் பார்த்த பிறகு, இன்னும் இரண்டு ஆண்டுகள் பள்ளியில் இருப்பதா வேண்டாமா என்று அவனே தீர்மானிக்கட்டும்.