ஓஓ மாதிரி ரயில் எஞ்சினின் அச்சுப் பேரிங்: பற்றவைத்து நிறுத்துவதா, மேலும் கீழும் அசைய விடுவதா?

பித்தளைச்சட்டம்: ஓஓ அளவில், அதாவது 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்துக்கான ஆறு சக்கர மாதிரி எஞ்சினின் அடிச்சட்டத்தைப் பித்தளைத் தகட்டில் கட்டி, எட்டில் ஓர் அங்குல அச்சுகளுக்கான விளிம்புள்ள பேரிங்குகள் ஆறையும் பற்றவைத்தேன். அச்சுகள் தனித்தனியே தடையின்றிச் சுழல்கின்றன. இணைப்புத் தண்டுகளை மாட்டியதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நொண்டுகிறது. அச்சு முனைகள் சதுரமானவை என்பதால் இரு பக்கச் சக்கரங்களும் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகித் தாமாகவே அமர்ந்துவிடுகின்றன, பிழை அங்கில்லை.

ஊசலாடி: பேரிங்கை இறுக்கியதுதான் பிழை. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் நிற்கும். ஆறு கால் நிற்காது. தண்டவாளம் சற்றே மேடுபள்ளமானாலும் இரண்டு மூன்று சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும், அவற்றின் வழியே மின்சாரமும் வராது. ஓர் அச்சை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றை ஹார்ன்பிளாக்கில், அதாவது பேரிங்கை மேலும் கீழும் நழுவவிடும் சட்டத்தில், ஏற்றுங்கள்.

நேர்த்துளை: அவர் கேட்டது நொண்டலைப் பற்றி, நீங்கள் சொல்வது மின்தொடர்பைப் பற்றி. அச்சுகளுக்கு இடையிலான தூரமும் தண்டின் துளைகளுக்கு இடையிலான தூரமும் ஒத்துப்போகாவிட்டால், ஹார்ன்பிளாக் வைத்தாலும் நொண்டத்தான் செய்யும். பேரிங் துளையைக் கூம்பு ரீமரால் (துளையை விரிக்கும் கருவி) ஒரே பக்கத்திலிருந்து விரித்திருந்தால், அதில் பேரிங் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அதைத்தான் முதலில் பாருங்கள்.

ஊசலாடி: ஹார்ன்பிளாக்கை ஒட்டும்போதே முனை மெலிந்த ஜிக் அச்சுகளில் (இடம் பிடிப்பதற்கான தற்காலிக அச்சுகள்) தண்டை மாட்டி இடத்தைக் குறிப்பதால் அந்தப் பிழைக்கே வாய்ப்பில்லை. பி4 என்னும் இன்னும் நுண்ணிய அளவுமுறையின் 18.83 மி.மீ. தண்டவாளத்தில், விளிம்பின் ஆழம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சக்கரங்களோடு, அசையாத சட்டத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நேர்த்துளை: பி4 வேறு கதை, இவரிடம் இருப்பது ஓஓ, அதன் சக்கர விளிம்பு அதைவிட ஆழமானது. அந்த ஜிக் அச்சு நிலையான பேரிங்குக்கும் அப்படியே உதவும். அச்சு மேலும் கீழும் போனால், தண்டையும் நடுவே மூட்டு வைத்துச் செய்ய வேண்டும் என்பதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? முதன்முறை கட்டுபவருக்கு அது கூடுதல் வேலை.

பித்தளைச்சட்டம்: வெர்னியர் வைத்து அளந்தேன். நடு அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வலப்பக்கம் 0.2 மி.மீ. கூடுதலாக இருக்கிறது. நான் ஒரே பக்கத்திலிருந்துதான் ரீமரைத் திருப்பினேன், பேரிங்கின் விளிம்பும் ஒரு புறம் தூக்கி நிற்கிறது. தண்டின் துளையைப் பெரிதாக்கிச் சமாளித்துவிடலாமா?

நேர்த்துளை: வேண்டாம், பிறகு தண்டு கடகடவென்று ஆடும். அந்த ஒரு பேரிங்கை மட்டும் சூடாக்கிக் கழற்றி, ஜிக் அச்சு எண்ணெய்ப் பூச்சோடு உள்ளே இருக்க, தண்டை மாட்டியபடியே திரும்பப் பற்றவையுங்கள். எண்ணெய் இருந்தால் பற்றாசு துளைக்குள் ஏறாது. பற்றவைக்கப் பூசும் அமில ஃபிளக்ஸை அன்றே கழுவிவிடுங்கள், இல்லையேல் எஃகு அச்சு துருப்பிடிக்கும்.

ஊசலாடி: இந்த எஞ்சினுக்கு அதுவே போதும், ஒப்புக்கொள்கிறேன். மெதுவாக ஊர்ந்து பாயிண்ட்டை (தண்டவாளம் பிரியும் இடம்) கடக்கும்போது விளக்கு மினுக்கினால் மறுபடி இங்கே வாருங்கள்.