ரெண்டு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை நேரடியா கேபிள்ல இணைச்சா ஒண்ணுக்கொண்ணு தெரியல, உதவி பண்ணுங்க

அப்பாவோட பழைய கம்ப்யூட்டர்ல 2005லேர்ந்து எடுத்த குடும்ப போட்டோ, தங்கச்சி கல்யாண வீடியோ எல்லாம் இருக்கு, ஒரு 30 ஜிபி வரும். யூஎஸ்பி போர்ட் எதுவும் வேலை செய்யல (கீபோர்டு மவுஸ் பிஎஸ்2ங்கறதால தப்பிச்சேன்), டிவிடி ரைட்டரும் போச்சு, ஹார்ட் டிஸ்க் வேற அப்பப்ப டிக்டிக்னு சத்தம் போடுது, அதான் பயமா இருக்கு. என்கிட்ட இருக்கற இன்னொரு எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கு மோடம்கூட வந்த கேபிளைப் போட்டேன், ரெண்டுலயும் கேபிள் அன்பிளக்டுன்னே காட்டுது. நெட்வொர்க் கார்டு போயிடுச்சா?

பதில்:
தம்பி, கார்டு மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி கேபிளைப் பாருங்க. ரெண்டு முனையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கண்ணாடி பிளக் வழியா கலர் பாருங்க, ரெண்டும் ஒரே வரிசைன்னா அது ஸ்ட்ரெய்ட் கேபிள். பழைய 100 எம்பிபிஎஸ் கார்டு ரெண்டை நேரா சேர்க்க க்ராஸ்ஓவர் வேணும், ஒண்ணு அனுப்புற கம்பி இன்னொண்ணு வாங்குற கம்பில போய் சேரணும் இல்லையா, அதனால 1ம் 3ம், 2ம் 6ம் நம்பர் கம்பிங்க மாறணும், அதாவது ஒரு முனையில மட்டும் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும். ஒரு பக்கம் கிகாபிட் கார்டா இருந்தா பெரும்பாலும் அதுவே மாத்திக்கும். கேபிள் முனையில பிளக் அடிக்கற கிரிம்பிங் டூல் இல்லன்னா கடையில சொன்னா அடிச்சுத் தருவாங்க.

கேட்டவர்:
அண்ணே, கடையில அடிச்சு வாங்கிப் போட்டேன், ரெண்டு பக்கமும் பச்சை லைட்டு எரியுது!! ஆனா லிமிடெட் ஆர் நோ கனெக்டிவிட்டின்னு வருது, ஐபி (நெட்வொர்க்ல கம்ப்யூட்டரோட முகவரி) 169.254ன்னு ஆரம்பிக்குது.

பதில்:
நடுவுல ஐபி குடுக்க ரூட்டர் இல்ல, அதான் தானா ஒண்ணு போட்டுக்கிச்சு. அதுலயும் பேசிக்கும், ஆனா கையால போட்டா குழப்பம் இல்ல. ஒண்ணுல 192.168.0.1, இன்னொண்ணுல 192.168.0.2, மாஸ்க் ரெண்டுலயும் 255.255.255.0, கேட்வே காலியா விடுங்க. அப்புறம் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பிங் (மறுபக்கம் பதில் சொல்லுதான்னு பாக்குற கட்டளை) அடிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் அடிச்சு விட்டுடாதீங்க.

கேட்டவர்:
அப்பா கம்ப்யூட்டர்லேர்ந்து என்னோடதுக்குப் போகுது, என்னோடதுலேர்ந்து அதுக்கு ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்.

இன்னொருவர்:
அப்போ கேபிள், ஐபி ரெண்டுமே சரி, அப்பா மெஷின்ல ஃபயர்வால்தான் (வெளியிலேர்ந்து வர்ற இணைப்பை மறிக்குற பாதுகாப்பு) தடுக்குது. எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2லேர்ந்து அது ஆன்லயேதான் இருக்கும், எக்ஸப்ஷன்ஸ்ல ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை டிக் பண்ணுங்க. பழைய ஆன்டிவைரஸ் இருந்தா அதுக்குன்னு தனி ஃபயர்வால் இருக்கும், அதையும் பாருங்க. ஃபோல்டரை ஷேர் பண்ணிட்டு உங்க மெஷின்ல ரன்ல ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு அப்பா மெஷின் ஐபி அடிங்க, மை நெட்வொர்க் பிளேசஸ்ல வரும்னு உக்காந்துட்டு இருக்காதீங்க. டிஸ்க் சத்தம் போடுதுன்னீங்களே, அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க, போட்டோ முதல்ல, வீடியோ அப்புறம்.

கேட்டவர்:
ஆன்டிவைரஸ்தான் அண்ணே! எப்பவோ காலாவதியானது, நெட்டே இல்லாத கம்ப்யூட்டர்தானேன்னு எடுத்துட்டேன், உடனே பிங் வந்துச்சு. போட்டோ மொத்தமும் வந்துடுச்சு, அப்பா பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா திறக்கச் சொல்றார். கல்யாண வீடியோ காப்பி ஆயிட்டு இருக்கு, ஒரு ஃபைல் மட்டும் பாதில நிக்குது.

இன்னொருவர்:
அதைத் தொடாம தாண்டிடுங்க, மத்ததெல்லாம் வந்தப்புறம் கடைசியா ஒரு தடவை முயற்சி பண்ணலாம்.