செப்புத் தகட்டு உருவப்படம்: கன்னம் மட்டும் வெளுக்கிறது, உதவுங்கள்

17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு உருவப்படச் செதுக்குநர் ரொபேர் நாந்தேய் பாணியில், பியூரின் என்னும் கூர் உளியால் செதுக்கிய முகம். தகடு 20×15 செ.மீ., கனம் 1.5 மி.மீ. இடம் சென்னை, அறை வெப்பம் 34 டிகிரி. இரண்டு வாரமாக இதே சிக்கல். மை பூசித் தாளில் அச்செடுத்தால் முடியும் அங்கியும் கறுப்பாக விழுகின்றன. கன்னத்தின் குறுங்கோடுகள் மூன்றாம் பிரதியிலிருந்து மறைகின்றன. முகம் போனால் படமே இல்லை. நாந்தேய்கூட உடை வேலையை உதவியாளர்களிடம் விட்டாலும் முகத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டவர்.

தாளை 1 மணி நேரம் ஊறவைத்து ஒற்றியாயிற்று. அச்சு உருளையின் அடியில் புதுக் கம்பளம் போட்டு அழுத்தமும் கூட்டியாயிற்று. தகட்டின் மேல் மிஞ்சும் மையைக் கடைசியாகத் துடைப்பது உள்ளங்கையால்தான். லென்ஸில் பார்த்தால் கோட்டின் அடியில் மை காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கிறது. டர்பென்டைனில் கழுவினால் இரண்டு பிரதி நன்றாக வருகிறது, மறுபடி வெளுப்பு.

மெதுவாகக் காயும் மைக்கு மாறுவதா, அந்தக் கோடுகளை மீண்டும் ஆழப்படுத்துவதா, எதை முதலில் செய்யலாம்?