புதுப்பிப்பு: டிரம்பெட்டா, கார்னெட்டா?

டிரம்பெட், கார்னெட் என்ற இரண்டு பித்தளை ஊதுகருவிகளுக்கும் என்ன வித்தியாசம், எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டேன்.

கார்னெட் குட்டையாகத் தெரிவதால் குழாயும் குட்டை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பி-ஃபிளாட் சுருதிக் கருவிகளில் இரண்டுக்குமே குழாய் நீளம் ஏறக்குறைய 1.4 மீட்டர், கார்னெட்டில் சுற்று அதிகம், அவ்வளவுதான். ஒலியை மாற்றுவது குழாயின் உள்வடிவம். டிரம்பெட்டில் பெரும்பகுதி ஒரே அகலத்தில் ஓடிக் கடைசியில்தான் விரிகிறது. கார்னெட்டில் சிறிது சிறிதாக விரிந்துகொண்டே போகிறது, வாய்முனையின் (உதடு வைத்து ஊதும் பகுதி) கிண்ணமும் ஆழம். அதனால்தான் கார்னெட் ஒலியில் அந்தக் குழைவு! டிரம்பெட் கணீரென்று பாயும். கார்னெட் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். இதே வகையைச் சேர்ந்த ஃபிளூகல்ஹார்ன் என்ற கருவியில் குழாய் இன்னும் அகலம், ஒலி இன்னும் இதம்.

விரல் வைக்கும் முறை மூன்றுக்கும் ஒன்றே. ஆனால் டிரம்பெட் வாய்முனை கார்னெட்டில் பொருந்தாது, கவனம்.

கார்னெட்டையே எடுத்துவிட்டேன்.