மறு வேறு, மீள் வேறு: திரும்பி வரும் தொடர்களுக்கு ஒரு பெயர்

அன்பின் கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

போன கிழமை கோவை ஐயா எழுதியது:

> ரீமேக், ரீபூட், ரிவைவல் மூன்றுக்கும் ‘மறு’ என்ற ஒரே முன்னொட்டுப் போதும். மறுவாக்கம், மறுதொடக்கம், மறுவரவு. ‘மீள்’ இலங்கை வழக்கு. பொருள் ஒன்றுதான்.

ஐயா, இலங்கை வழக்கு என்பதை ஒத்துக்கொள்கிறேன். உங்கள் மறுசுழற்சி எங்களுக்கு மீள்சுழற்சி. உங்கள் மறுபதிப்பு எங்களுக்கு மீள்பதிப்பு. பொருள் ஒன்று என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. போனது திரும்பினால் அது மீள்வது. மறு என்றால் இன்னொன்று: மறுநாள், மறுகரை, மறுபிறவி. மறுநாள் விடிந்ததால் நேற்று திரும்பி வந்ததாகாது.

நான் திருகோணமலைக்காரன். ‘மீள்குடியேற்றம்’ என்ற சொல்லை இங்கே யாரும் அகராதி பார்த்துப் படிக்கவில்லை. 2006இல் போருக்குத் தப்பிச் சம்பூரை விட்டு ஓடிய சனம் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் கிடந்து, பத்து வருடத்துக்குக் கிட்டப் போனபிறகுதான் ஊர் திரும்பியது. அப்பா முகாமிலேயே கண்ணை மூடியிருப்பார், மகன் வந்திருப்பான். வீடு இருந்த இடத்தில் பற்றை. ஆனாலும் கிணறு எந்தப் பக்கம், எல்லையில் நின்ற பூவரசு எது என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் அது மீள்குடியேற்றம். வேறு எவராவது அந்தக் காணியில் மாடிவீடு கட்டி, கேற்றில் பழைய பெயரையே எழுதிவைத்தாலும் எங்கள் சனம் அந்தச் சொல்லைக் கொடுக்காது.

என் அளவுகோலும் அதுதான். புதிதாக வந்த கதைக்குப் பழைய கதை நினைவிருக்கிறதா? இருந்தால் ‘மீள்வரவு’ (ரிவைவல்). இல்லாவிட்டால் ‘மறுதொடக்கம்’ (ரீபூட்).

ட்வின் பீக்ஸ் என்ற அமெரிக்கத் தொடர் 1991இல் நின்றது. 2017இல் 18 பகுதிகளோடு திரும்பி வந்தது. 1991இன் கடைசிப் பகுதியிலேயே கொலையான லாரா பாமர், 25 வருடம் கழித்துப் பார்ப்போம் என்று துப்பறிய வந்த கூப்பரிடம் சொல்லியிருப்பாள். தவணை ஒன்றிரண்டு வருடம் தப்பினாலும் வந்துவிட்டார்கள். நடிகர்களின் நரையையும் சுருக்கத்தையும் ஒளிக்காமல் காட்டியதுதான் எனக்குப் பிடித்தது. (எட்டாம் பகுதியை மூன்று தரம் பார்த்தேன். இன்னும் விளங்கவில்லை.) எக்ஸ் ஃபைல்ஸ் 2002இல் முடிந்து 2016இல் வந்தது. மல்டரும் ஸ்கலியும் அதே ஆட்கள், நினைவும் இருந்தது, சொல்வதற்குத்தான் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. இருந்தாலும் அது மீள்வரவுதான். கலைச்சொல்லுக்குள் நம் விமர்சனத்தை ஒளித்துவைக்கக்கூடாது. இந்தியன் 2க்கும் அதே நீதி. சுதந்திரப் போராட்டத்தில் நின்ற மனிசன் 2024இல் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். அவர் வர்மம் போட்டு ஆட்களை விழுத்துகிறார். படம் முடியுமட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் 1996 அவருக்கு நினைவிருக்கிறது. ஆகவே மீள்வரவு.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற விண்வெளித் தொடர் மற்றக் கரை. 1978இல் அதில் வரும் விமானி ஸ்டார்பக் ஆண். 2003இல் அதே பெயரோடு வருபவள் பெண். பழைய தொடரில் நடந்தது எதுவும் இவளுக்கு நடக்கவில்லை. மறுபிறவி எடுத்தவருக்கு முற்பிறவி ஞாபகம் இல்லை என்று நாம் சொல்வது அப்படியே பொருந்துகிறது.

முகம் மாறினால் என்ன செய்வது என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் அது தீர்ந்துவிட்டது. எதிர்நீச்சல் தொடர் 2024 ஜூனில் முடிந்து, டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று வந்தபோது ஜனனிக்கு வேறு நடிகை. அம்மா கச்சான் (வேர்க்கடலை) கோதை உடைத்த கை அப்படியே நிற்க, “இது ஆர்? ஜனனி எங்க?” என்றா. “இதுதான் ஜனனி, ஆளை மாத்திப்போட்டாங்கள்.” கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணைச் சந்தேகமாகப் பார்த்தா. குணசேகரன் ஏதோ உறுமினான். “இவனுக்கு இவள் முந்தியே சொன்னவள்தானே!” என்று கச்சானை வாயில் போட்டா. முகம் போனது, நினைவு நின்றது. அம்மா ஏற்றுக்கொண்டதைக் குழுமமும் ஏற்கலாம் என்று நினைக்கிறேன்.

திருகோணமலையிலிருந்து

-----

கோவையிலிருந்து:

திருகோணமலை நண்பருக்கு,

நினைவு என்ற அளவுகோல் பிடித்திருக்கிறது. என் ‘மறுவரவை’ எடுத்துவிடுகிறேன். ஆனால் மறுவாழ்வு என்கிறோமே, அங்கே வாழ்வது அதே ஆள்தானே? மறுமலர்ச்சி? உங்கள் கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை.

இன்னொன்று. பாண்டியன் ஸ்டோர்ஸ் 2023இல் முடிந்து உடனே இரண்டாவது தொடங்கியது. முதலாவதில் அண்ணன் தம்பிகள், இரண்டாவதில் அப்பாவும் மகன்களும். மிஞ்சியது கடைப் பெயர். பீட்சா 2012இல் வந்தது. 2013இல் பீட்சா 2 என்று வந்ததும் வேறொரு கதை. நினைவு இல்லை, எனவே மறுதொடக்கம் என்பீர்களா? பழைய கதையை அவர்கள் திரும்பத் தொடங்கவும் இல்லையே.

-----

மட்டக்களப்பிலிருந்து:

ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் வணக்கம். பெயர் மட்டும் வாங்கி வருவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: பெயரன். தாத்தாவின் பெயரைத் தாங்கியவன், அதனால்தான் பேரன். ‘பெயரன் படம்’, ‘பெயரன் தொடர்’ என்று வைத்தால் என்ன?

பழைய கதைக்கு முந்தியதைச் சொல்லும் பிரீக்வெலுக்கு ‘முன்கதை’ என்று பட்டியலில் இருப்பதை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் ‘முன்கதைச் சுருக்கம்’ என்றால் இதுவரை சொல்லி முடித்த கதை. பிரீக்வெல் சொல்லாமல் விட்ட கதை. 2012இல் வந்த பில்லா 2க்கு இரண்டு என்று எண். கதையோ 2007 படத்தில் வரும் டான் எப்படி டான் ஆனான் என்பது. அடியில் இருப்பதைத் தோண்டுவதால் ‘வேர்க்கதை’ என்கிறேன். ஒரு கதையிலிருந்து பிரிந்து தனியாக ஓடும் ஸ்பின்-ஆஃபுக்குக் ‘கிளைக்கதை’ பாரதம் படித்த காலத்திலிருந்தே இருக்கிறது. சோடியாக நிற்கும்.

-----

மட்டக்களப்புத் தங்கச்சிக்கு முதலில்: பெயரன் அருமை. என் ஓட்டு அதற்கு. வேர்க்கதையும் சரி. பெட்டர் கால் சால் தொடர் (2015 முதல் 2022 வரை) பிரேக்கிங் பேட் தொடரிலிருந்து பிரிந்த கிளை, ஆனால் காலத்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. கிளையா, வேரா என்று பட்டியல்காரர் அடிபடப் போகிறார்கள். ஆலமரத்தில் கிளையிலிருந்து இறங்கி மண்ணில் வேர்பிடிப்பதற்கு என்ன பெயர்? ‘விழுதுக்கதை’. தனி வரியாகப் போடலாம்.

ஐயா, மறுவாழ்வில் என்னைப் பிடித்துவிட்டீர்கள். எங்கள் பக்கம் அதற்குப் புனர்வாழ்வு என்பதால் நான் யோசிக்கவில்லை. ஆள் அதே ஆள், வாழ்வுதான் வேறு என்று சமாளிக்கலாம். மறுமலர்ச்சிக்குச் சமாளிப்பும் இல்லை. பொதுமொழியில் இரண்டும் கலந்தே கிடக்கட்டும். இந்தப் பட்டியலுக்குள் மட்டும் பிரித்து வைப்போம் என்று கேட்கிறேன். கணினிக்காரரின் மறுதொடக்கத்தோடும் மோதல் வராது. அங்கேயும் பெட்டியை அணைத்துப் போட்டால் சேமிக்காதது போய்விடுகிறது.

எனக்கு உண்மையில் தொல்லை தருவது வேறொன்று. அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல், கோணேசர் கோயில் நிற்கும் எங்கள் சுவாமி மலையடிக் கடலில் சுழியோடியவர் என்பதால் அவரை நாங்கள் அரைவாசி ஊர்க்காரராகவே வைத்திருக்கிறோம். அவருடைய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ நாவலில் விண்கலம் சனிக்குப் போகிறது. அதே 1968இல் வந்த படத்தில் அது வியாழனோடு நிற்கிறது. 1982இல் அவர் எழுதிய தொடர்ச்சி நாவல் ‘2010’, தன் முதல் நாவலை விட்டுவிட்டுப் படத்தின் வழியே போய், முன்பும் வியாழனுக்குத்தான் போனோம் என்கிறது. நினைவு இருக்கிறது, ஆனால் அது திருத்திய நினைவு. புதுக் கதைக்கு வசதியாகப் பழையதை மாற்றிவைக்கும் இந்த வேலையை ஆங்கிலக்காரர் ரெட்கான் என்கிறார்கள், இப்போதைய தொடர்களில் மழைக்கு முளைத்த காளான்போல. என் அளவுகோல் அங்கே ஆடுகிறது. ‘பின்திருத்தம்’ என்று எழுதிப் பார்த்தேன். அச்சுப்பிழை திருத்துகிற மாதிரி இருக்கிறது. காணி உறுதியில் (நிலப் பத்திரத்தில்) பழைய திகதி போட்டு எழுதும் கள்ளவேலைக்கு உங்கள் பக்கம் ஏதாவது சொல் இருக்கிறதா? பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர் யாராவது குழுமத்தில் இருந்தால் எழுதுங்கள்.

அதுவரை மீள்வரவு, மறுதொடக்கம், வேர்க்கதை, கிளைக்கதை, விழுதுக்கதை, பெயரன் ஆறையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். சந்திரமுகி 2இல் வடிவேலுவின் முருகேசனுக்கு மட்டும்தான் 2005 நினைவிருப்பதாக எனக்குப் படுகிறது. அதை எந்த வரியில் போடுவது என்று ஐயாவே சொல்லட்டும்.

திருகோணமலையிலிருந்து